முழங்கால் வலியோடு வலேட்டா: லிஃப்ட், படகு, பஸ்

என் தம்பி மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். போன செப்டம்பரில் நானும் அம்மாவும் அவனைப் பார்க்கப் போய் எட்டு நாள் தங்கினோம். அவனுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் ஊர் சுற்றியது பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரை என்றால் அரை மணி நேரம் தாராளமாக நடப்பாள். பத்துப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

தலைநகர் வலேட்டாவிலேயே ஒரு அறை எடுத்துக் கொடுத்திருந்தான் தம்பி. புனித உர்சுலா தெரு என்று பெயர். அழகான தெரு, பழைய மர பால்கனிகள், வாசலில் பூந்தொட்டிகள். ஆனால் தெருவே படிக்கட்டு. முதல் நாள் சாயங்காலம் அம்மா மேலே நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, இந்த ஊர்ல சமதரையே கிடையாதா?"

அந்தக் கேள்விக்கு எட்டு நாளில் நான் கண்டுபிடித்த பதில்தான் இந்த விமர்சனம். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1565இல் துருக்கியர் முற்றுகையைத் தாங்கி நின்ற பிறகு, அடுத்த வருடமே, அப்போது தீவை ஆண்ட புனித யோவான் சபையின் வீரர்கள் ஒரு குன்றின் முதுகில் கட்ட ஆரம்பித்த ஊர் இது. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முகடுதான் குடியரசுத் தெரு. நகர வாசலில் ஆரம்பித்து, மறு முனையில் இருக்கிற எல்மோ கோட்டை வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் தெருக்கள் சரிந்து கடலில் போய் முடிகின்றன. ஒரு பக்கம் பெரிய துறைமுகம், மறுபக்கம் மார்சாம்ஷெட் துறைமுகம். இந்த ஊரில் தூரத்துக்காக யாரும் வண்டி ஏற வேண்டியதில்லை. ஏற்றத்துக்காகத்தான் ஏற வேண்டும். வழி கேட்டால் "ஐந்தே நிமிஷம்" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை படி என்று சேர்த்துக் கேளுங்கள்.

முகட்டில் நடப்பது சுகம். குடியரசுத் தெருவில் வண்டிகள் தொந்தரவு இல்லை, உட்காரக் காப்பிக்கடைகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: தளம் எல்லாம் சுண்ணாம்புக்கல், காலடி பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் கடைக்காரர் வாசலைக் கழுவி விட்டிருந்த இடத்தில் எனக்கே கால் வழுக்கியது. ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அவசியம்.

சரி, இனி வாகனங்கள். எனக்கு மிகவும் பிடித்ததில் ஆரம்பிக்கிறேன்.

அப்பர் பராக்கா லிஃப்ட். இதை ஒரு போக்குவரத்து என்று கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எங்களுக்கு இதுதான் உயிர்நாடி. நகர வாசலுக்குப் பக்கத்தில் அப்பர் பராக்கா தோட்டம் இருக்கிறது. அங்கே நின்றால் பெரிய துறைமுகம் முழுவதும் காலடியில் விரிகிறது. தோட்டத்தின் ஓரத்திலிருந்து 58 மீட்டர் கீழே, துறைமுகத்தின் மட்டத்துக்கு இந்த லிஃப்ட் இறக்கிவிடுகிறது. இரண்டு கூண்டுகள், ஒன்று போனால் இன்னொன்று வரும். 1905இலிருந்து 1973 வரை இதே இடத்தில் ஒரு பழைய லிஃப்ட் ஓடியிருக்கிறது. 1983இல் அதைப் பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 2012 டிசம்பரில் திறந்தது. ஏறக்குறைய நாற்பது வருடம் இந்த ஊர்க் கிழவர் கிழவிகள் எல்லாரும் அந்த உயரத்தை எப்படிச் சமாளித்தார்களோ என்று அம்மா வருத்தப்பட்டாள்.

நாங்கள் போனபோது கீழே இறங்கக் காசு வாங்கவில்லை, மேலே ஏற ஆளுக்கு ஒரு யூரோ. படகு டிக்கெட் கையில் இருந்தால் அந்த ஒரு யூரோவும் இல்லை. டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். கீழே மாட்டிக்கொண்டால் ஏற வேண்டியது ஒரு குன்று. தோட்டத்துக்குக் கீழே பீரங்கி வரிசை ஒன்று இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று வெடிப்பார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கூட்டம் கலைந்ததும் பாதிப் பேர் நேராக லிஃப்டுக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னாலேயே இறங்கிவிட்டால் வரிசையே இல்லை.

லிஃப்டிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடந்தால் லஸ்காரிஸ் படகுத்துறை. எதிர்க்கரையில் பிர்கு, இஸ்லா, பொர்ம்லா என்று மூன்று பழைய ஊர்கள். சேர்த்து மூன்று நகரங்கள் என்பார்கள். வலேட்டாவை விடப் பழையவை. முற்றுகையின்போது சண்டை பெரும்பாலும் அந்தக் கரையில்தான் நடந்தது. அங்கே போக இரண்டு வழி. ஒன்று, அரை மணிக்கு ஒன்று என்று ஓடும் ஃபெர்ரி. இருக்கை வசதி, கைப்பிடி, ஏறி இறங்கச் சாய்வுப் பலகை எல்லாம் உண்டு. பத்து நிமிஷத்துக்குள் பொர்ம்லாவில் விட்டுவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பாதுகாப்பானது இதுதான்.

இன்னொன்று தைசா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

தைசா என்பது மரப்படகு. இரண்டு முனையிலும் கொம்பு மாதிரி செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் மரம், அதற்குக் கீழே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக வண்ணம். முன்பெல்லாம் படகுக்காரர் நின்றுகொண்டே துடுப்புப் போடுவாராம். இப்போது பெரும்பாலும் பின்னால் சின்ன மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். நாங்கள் ஏறிய படகில் எட்டுப் பேர் உட்காரலாம். பலகையின் மேல் வெயிலில் வெளுத்த மெத்தை. படகுக்காரர் எழுபதை நெருங்கியவர். கரையில் இருந்த இரும்பு வளையத்தில் கொக்கியை மாட்டி, படகின் மூக்கைப் படிக்கல்லோடு ஒட்டிப் பிடித்தார். அம்மாவின் நடையை மேலே இருந்தே கவனித்திருக்கிறார் போல. எங்கள் முறை வந்ததும் முதலில் ஏறவிருந்த இரண்டு இளைஞர்களைக் கை காட்டி நிறுத்திவிட்டு, அம்மா எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள் என்று பார்த்தார். வலது கால். அவர் இடப்பக்கம் மாறி நின்று, முழங்கையை நீட்டினார். கையைப் பிடிக்கவில்லை, அம்மா பிடித்துக்கொள்ள முழங்கையைக் கொடுத்தார். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான் என்று தம்பி பிறகு சொன்னான்.

நடுத் துறைமுகத்தில் ஒரு பெரிய பயணக் கப்பல் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் போகும்போது தைசா ஒரு ஆட்டம் ஆடியது. நான் பயந்து பலகையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அசையவில்லை. கும்பகோணத்துப் பக்கம் சின்ன வயதில் கொள்ளிடத்தை ஓடத்தில் கடந்து பாட்டி வீட்டுக்குப் போனவள். "வெள்ளம் வந்தா இதைவிட ஆடும்" என்றாள். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து வலேட்டாவின் கோட்டைச் சுவரை நிமிர்ந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். தேன் நிறக் கல், அடுக்கடுக்காக, கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரம். எங்களிடம் ஆளுக்கு 2 யூரோ வாங்கினார். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் விலை வேறு, அதை ஏறுவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். தைசாவில் ஏறப் படிக்கல்தான், கைப்பிடி கிடையாது. அலை அடித்தால் கல் பாசியோடு ஈரமாக இருக்கும். தனியாக ஏறி இறங்க முடியாதவர்கள், மடக்க முடியாத சக்கர நாற்காலி வைத்திருப்பவர்கள் ஃபெர்ரியிலேயே போய்விடுங்கள். காற்று நாட்களில் இரண்டுமே நிற்கும். நாங்கள் இருந்த ஆறாவது நாள் வடகிழக்குக் காற்று பலமாக அடித்தது, படகுத்துறையில் கயிறு கட்டிவிட்டார்கள். பிர்குவில் மாட்டிக்கொண்டு, 2ஆம் நம்பர் பஸ் பிடித்து, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தோம். ஆகவே எதிர்க்கரைக்குப் போனால் திரும்பும் பஸ் நம்பரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்சாம்ஷெட் பக்கத்திலிருந்து எதிர்க்கரை ஊரான ஸ்லீமாவுக்கும் ஒரு ஃபெர்ரி ஓடுகிறது. படகு அருமை. ஸ்லீமாவிலிருந்து திரும்பும்போது கும்மட்டமும் கூர்கோபுரமுமாக வலேட்டா எழுந்து நிற்பதைப் பார்க்க அந்தச் சில நிமிஷங்கள் போதாது. பஸ்ஸில் கடற்கரையைச் சுற்றி நெரிசலில் வருவதோடு ஒப்பிட்டால் நேரமும் மிச்சம். ஆனால் இந்தப் பக்கம் லிஃப்ட் இல்லை. படகுத்துறையிலிருந்து முகட்டுக்கு ஏறும் தெரு செங்குத்து. அம்மா இரண்டு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மூன்றாம் நாள்தான் தம்பி சொன்னான், 133 என்று ஒரு பஸ் வலேட்டாவையே வட்டமடிக்கிறது, படகுத்துறைக்குப் பக்கத்தில் நிற்கும் என்று. அதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாவுக்குக் கோபம். அவனுக்கு இருபத்தொன்பது வயது, குன்று கண்ணில் படவே இல்லை. 133 அடிக்கடி வராது. நேரம் பார்த்துக்கொண்டு படகு ஏறினால் காத்திருக்க வேண்டாம்.

இப்போது பஸ். நகர வாசலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றைச் சுற்றித்தான் பஸ் ஸ்டாண்ட். தீவின் பெரும்பாலான பஸ்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சாலையின் இடது பக்கம்தான் வண்டி ஓடும், பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன பழக்கம்; சாலையைக் கடக்கும்போது நம் ஊர் மாதிரியே வலது பக்கம் முதலில் பார்த்தால் போதும். ஆங்கிலமும் இங்கே ஆட்சிமொழி என்பதால் பலகை படிக்க, டிரைவரிடம் கேட்க ஒரு சிரமமும் இல்லை. கை காட்டினால்தான் பஸ் நிற்கும் என்பதும் நமக்குப் புதிதில்லை.

கோடைக் கட்டணம் 2.50 யூரோ. ஒரு டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் செல்லும். டிரைவரிடமே வாங்கலாம், சில்லறை வைத்திருப்பது நல்லது. நாங்கள் 25 யூரோவுக்கு ஏழு நாள் கார்டு ஆளுக்கு ஒன்று எடுத்தோம். பத்துத் தடவை ஏறினால் காசு வந்துவிடும். நாங்கள் இருபதுக்கு மேல் ஏறினோம். உள்ளூர்வாசிகள் 2022 அக்டோபரிலிருந்து தங்கள் கார்டைக் காட்டி இலவசமாகவே போகிறார்கள். பெரிய நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அதன் விளைவாக பஸ்ஸில் கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கூட்டம் என்றால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை மார்சாஷ்லோக் மீன் சந்தைக்குப் போனோம். வலேட்டாவிலிருந்து 81, 85 இரண்டும் போகும். போகும்போது ஸ்டாண்டிலேயே ஏறியதால் சன்னலோர இருக்கை. அங்கே துறை நிறைய லுட்சு என்ற மீன்பிடிப் படகுகள். ஒவ்வொன்றின் மூக்கிலும் இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கிறார்கள், மை தீட்டிய புருவத்தோடு. அம்மாவுக்கு அதைப் பார்த்தது பேரானந்தம். திருஷ்டிக்கு வரைந்த கண் என்று உடனே புரிந்துகொண்டாள். கடலில் போகிறவர்களைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அங்கேயும் அப்படித்தான். எல்லாம் பார்த்துவிட்டு மத்தியானம் ஒன்றரை மணிக்குத் திரும்ப வந்தால், நிறுத்தத்தில் அறுபது பேர். இரண்டு பஸ் ஆள் நிறைந்து நிற்காமலே போனது. நிழற்குடையில் உட்காரும் இடம் நாலு பேருக்குத்தான். ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஏற முடிந்தது.

அதிலிருந்து கற்றுக்கொண்டது: மால்டாவில் முடிந்தவரைக்கும் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். நடு நிறுத்தத்தை நம்பாதீர்கள். சந்தை நாளில் காலை எட்டுக்குப் போய்ப் பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள். அவசரம் உள்ள நாளில், அதாவது விமானம் பிடிக்கிற நாளில், பஸ்ஸை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இம்தினா கோட்டை நகரத்துக்கு 51, 52, 53 மூன்றும் போகும், அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். இம்தினா வாசலில் இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் உள்ளே எல்லாம் சமதரை, அமைதி. அம்மா தடியே ஊன்றாமல் சுற்றி வந்த ஒரே இடம் அது. இதே வழியில் 1883இலிருந்து 1931 வரை ஒரு ரயில் ஓடியிருக்கிறது, வலேட்டாவிலிருந்து இம்தினாவுக்கு. பஸ் நெரிசலில் நின்று நின்று போகும்போதெல்லாம் அந்த ரயிலை நிறுத்தியிருக்க வேண்டாமே என்று எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருந்தது. ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள், நாலு லட்சத்துக்கு மேல் வண்டிகள். பக்கத்துத் தீவான கோசோவையும் சேர்த்து மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர். சாலைக்கு மூச்சு முட்டத்தானே செய்யும்.

அதனால்தான் வாடகைக் கார் எடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். நாமும் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள்தானே என்ற தைரியத்தில் எடுத்துவிடலாம். ஓட்டுவது பிரச்சினை இல்லை, நிறுத்துவதுதான் பிரச்சினை. வலேட்டாவுக்குள் வரும் வண்டிகளைக் கேமரா படம் பிடித்து, இருக்கும் நேரத்துக்குக் கட்டணம் போடுகிறார்கள். இடம் கிடைப்பதும் அபூர்வம். நகர வாசலுக்கு வெளியே பக்கத்து ஊரான ஃப்ளோரியானாவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அப்படி நடக்க முடியும் என்றால் கார் எதற்கு?

செயலியில் கூப்பிடும் டாக்ஸி உண்டு. போல்ட், ஊபர், உள்ளூர்க்காரர்களின் ஈகேப்ஸ் மூன்றும் இருக்கின்றன. நாங்கள் நாலு தடவை கூப்பிட்டோம். ஒரு செயலியில் ஒரு டிரைவர் ஒப்புக்கொண்டு ஏழு நிமிஷம் கழித்து ரத்து செய்தார். மற்ற மூன்றும் நல்லபடியாகவே நடந்தன. மழை, இரவு, வெள்ளிக்கிழமை என்றால் விலை ஏறும். படிக்கட்டுத் தெருக்களுக்குள் கார் வராது என்பதால் நாங்கள் எப்போதும் தோட்டத்து வாசலில்தான் ஏறினோம். வாடகை மின்சார ஸ்கூட்டர் எங்கே என்று தேட வேண்டாம், 2024 மார்ச்சிலிருந்து தடை.

காரோட்சீன் என்கிற குதிரை வண்டியில் நாங்கள் ஏறவில்லை. செப்டம்பர் வெயிலில் அந்தக் குதிரைகள் நிற்பதைப் பார்த்து அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கும் அதே எண்ணம்.

கோசோ தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வலேட்டாவில் தங்கியிருப்பவர்களுக்கு விரைவுப் படகுதான் வசதி. 2021இல் ஆரம்பித்தது, பெரிய துறைமுகத்திலிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்கு முக்கால் மணி நேரம். எங்களுக்கு அதே லிஃப்டில் இறங்கி, மெதுவாக நடக்கிற தூரம்தான். பழைய வழி என்றால், தீவின் வடமுனையில் சிர்கெவ்வா வரைக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், கார் எல்லாம் ஏற்றும் பெரிய ஃபெர்ரியில் 25 நிமிஷம் கடக்க வேண்டும். அதில் ஒரு விசேஷம்: போகும்போது டிக்கெட் கேட்கவே மாட்டார்கள், கோசோவிலிருந்து திரும்பும்போது மட்டும் 4.65 யூரோ. நாங்கள் போகும்போது விரைவுப் படகு, வரும்போது பெரிய ஃபெர்ரி என்று வந்தோம். அம்மாவுக்குப் பெரியதுதான் பிடித்தது. மேல்தளத்தில் நின்று கொமினோ தீவைப் பார்த்துக்கொண்டே வரலாம், உள்ளே டீ கிடைக்கிறது. கோசோவில் பஸ்கள் எல்லாம் விக்டோரியா நகரத்தில் வந்து சேரும். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடுவதும் உண்டு. 307இல் ஏறினால் ஜிகான்டியா கற்கோயில், ஐயாயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது. அன்றைக்கு அது ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு மூன்று இடம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த ஒரு நாளைக்கு மட்டும் டாக்ஸி பேசிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன். "அந்தப் படகுக்காரர் இருப்பாரா?" என்றாள் அம்மா. லிஃப்டில் இறங்கிப் போனோம். இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் படகின் இடப்பக்கம் மாறி நின்று முழங்கையை நீட்டினார். "மேலா?" என்றார். மால்டாக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் வார்த்தை அது, நம் 'சரி' மாதிரி. எட்டு நாளில் அம்மா கற்றுக்கொண்ட ஒரே மால்டா வார்த்தையும் அதுதான். "மேலா" என்று சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள்.